இணையவழியில் கவிதையின் முதற்பாடம்: சில அவதானங்கள்

கவிதையைக் கற்பிக்க முடியுமா என்ற வினா பழையது. அதனை எந்தச் சாதனத்தின் வழியாக, யாருக்குக் கற்பிப்பது என்ற வினா அண்மைக்காலத்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக எமது பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது இவ்விரண்டாவது வினா முன்னறிவித்தலின்றி எமது வாயிலில் வந்து நின்றது. விரிவுரை மண்டபம் இருந்த இடத்தில் கணினித்திரை வந்தது. மாணவர் அமர்ந்திருந்த இடத்தில் பெயர் மட்டும் பொறித்த கறுப்புச் சதுரங்கள் வந்தன. அச்சதுரங்களை நோக்கி நாம் புறநானூற்றையும் பாரதியையும் விளக்கினோம். மறுமுனையில் யாரேனும் கேட்டனரா, கேட்டவருக்குக் கவிதை எட்டியதா என்பதை அறியும் வழி எமக்கு இருக்கவில்லை.

அன்று நடந்தது அவசரகாலப் பணி. அதனைக் குறைகூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், அவசரம் நீங்கிய பின்னரும் இணையவழிக் கல்வி எம்மிடையே நிலைத்துவிட்டது. வெளிவாரி மாணவர்க்கும், தொழில்புரிந்துகொண்டே கற்பவர்க்கும் அது இனியும் பயன்படும். எனவே கவிதைக்கான ஓர் அறிமுகக் கற்கைநெறியை இணையத்திலே தொடங்குவதாயின் எதனைக் கொண்டு, எவ்வாறு தொடங்குவது என்பதை ஆறுதலாகச் சிந்திக்க வேண்டிய வேளை இது. இச்சிந்தனைக்கு உதவும் பொருட்டு, போதிய காலமும் பொருளும் கொண்டு அமெரிக்காவிலே தொடங்கப்பெற்ற இரு கற்கைநெறிகளை இங்கு மதிப்பிட முனைகிறோம். ஒன்று, யேல் பல்கலைக்கழகத்தில் லாங்டன் ஹமர் நிகழ்த்திய 'நவீன கவிதை'. மற்றையது, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் அல் பில்றைஸ் நடத்திவரும் 'நவீன, சமகால அமெரிக்கக் கவிதை'.

1

இவ்விரண்டையும் நோக்குமுன் ஒரு முன்வரலாற்றை நினைவுகூர்தல் தகும். ஐ. ஏ. றிச்சர்ட்ஸ் 1929 இல் வெளியிட்ட 'செயன்முறைத் திறனாய்வு' என்னும் நூல் ஒரு வகுப்பறைப் பரிசோதனையின் விளைவு. கவிஞரின் பெயரோ காலமோ குறிப்பிடப்படாத கவிதைகளைக் கேம்பிறிட்ஜ் மாணவரிடம் கொடுத்து, அவர்களின் எண்ணங்களை எழுத்திலே பெற்றார் அவர். நூலில் இடம்பெற்ற கவிதைகள் பதின்மூன்று. பெயர்பெற்ற பல்கலைக்கழகமொன்றின் மாணவர்களுட் பலரால் கவிதையின் நேர்ப்பொருளைக்கூடச் சரிவரக் கூற இயலவில்லை என்பதே அப்பரிசோதனை வெளிப்படுத்திய உண்மை. கவிஞரின் புகழையும் ஆசிரியரின் குறிப்பையும் நீக்கிவிட்டால் மாணவரிடம் எஞ்சுவது என்ன என்ற கேள்வியை றிச்சர்ட்ஸ் எழுப்பினார். அக்கேள்வி இன்றும் பழுதுபடவில்லை.

அதே றிச்சர்ட்ஸ் 1950களின் பிற்பகுதியில் பொஸ்ரன் நகரின் கல்வித் தொலைக்காட்சியிலே கவிதை பற்றி உரையாற்றினார். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971 இல் தன் முதல் மாணவரை ஏற்று, வானொலியையும் தொலைக்காட்சியையும் கற்பித்தற் சாதனங்களாகப் பயன்படுத்தியது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் நிறுவப்பெற்றது. எனவே தொலைவிலிருந்து இலக்கியம் கற்பித்தல் இணையத்தோடு பிறந்த ஒன்றன்று. சாதனம் மாறுந்தோறும் ஒரே பிரச்சினை மீண்டும் தலைகாட்டுகிறது: ஆசிரியரின் குரல் மாணவரைச் சென்றடைகிறது, மாணவரின் குரல் திரும்பி வருகிறதா?

2

யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் தன் வகுப்புக்கள் சிலவற்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அவற்றுள் ஒன்று ஹமரின் கற்கைநெறி. 2007 இன் இளவேனிற் பருவத்தில் வகுப்பறையிலே நிகழ்ந்த விரிவுரைகளைப் படம்பிடித்து, எழுத்து வடிவத்தையும் உடன் இணைத்து வெளியிட்டனர். விரிவுரைகள் இருபத்தைந்து. புறொஸ்ற், யேற்ஸ், எலியற், பவுண்ட், லாங்ஸ்ரன் ஹியூஸ், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், ஓடன், எலிசபெத் பிஷப் முதலானோர் இவற்றில் ஆராயப்படுகின்றனர்.

இவ்விரிவுரைகள் தரமானவை என்பதில் ஐயமில்லை. ஹமர் கவிதையை நிதானமாகப் படிக்கிறார்; ஓசையைக் கவனிக்கிறார்; சொல்லிலிருந்து கவிஞரின் வாழ்வுக்கும், வாழ்விலிருந்து மீண்டும் சொல்லுக்கும் செல்கிறார். நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பிலே பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு உலகின் எந்த மூலையிலிருப்பவருக்கும் கிடைத்தது. இது சிறுபேறன்று. அத்துடன், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்தின் கீழ் அவை வெளியிடப்பட்டமையும் பாராட்டத்தக்கது.

ஆயினும் இங்கு இணையம் செய்தது மண்டபத்தின் சுவரை அகற்றியமை மட்டுமே. பார்ப்பவர் வினா எழுப்ப இயலாது; எழுப்பினும் விடை கூறுவாரில்லை. இந்நிலை எமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழ்ந்துவந்த புராணபடனத்தை இங்கு ஒப்புநோக்கலாம். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊரவர் சூழ்ந்திருந்து கேட்பர். எழுத்தறியாதவரும் செய்யுளின் ஓசையிலே தோய்ந்து, சொற்பொருள் உணர்ந்து வளர்வதற்கு அது துணைபுரிந்தது. கவிதையைக் கூட்டமாக அனுபவிக்கும் வழக்கம் எம்மிடம் இருந்தமைக்கு அது சான்று. ஆயின் அங்கும் கேட்பவர் கேட்பவராகவே இருந்தனர். பொருள் கூறும் உரிமை ஒருவருக்கே உரியதாயிருந்தது. யேலின் விரிவுரைகள் அப்படனத்தின் நவீன வடிவம் எனின் அது மிகையன்று.

3

பில்றைஸின் கற்கைநெறி 2012 செப்டெம்பரில் கோர்செரா என்னும் இணையத்தளத்தில் தொடங்கிற்று. கட்டணமில்லை, முன்னறிவு தேவையில்லை, காலம் பத்து வாரங்கள். முதல் முறையிலேயே 30,000க்கும் மேற்பட்டோர் பதிவுசெய்தனர். எமிலி டிக்கின்சன், வால்ற் விற்மன் ஆகிய இருவரையும் எதிரெதிரே நிறுத்தி அது தொடங்குகிறது. ஒருவர் சொல்லைச் சுருக்குபவர், மற்றவர் சொல்லை விரிப்பவர். பின்னர் வருவோரை இவ்விரு போக்குகளோடும் பொருத்திப் பார்க்கத் தொடக்கநிலை வாசகருக்கு இவ்வமைப்பு உதவுகிறது. நூற்றாண்டு வரிசையை மனனஞ் செய்வதிலும் இது பயனுடைய தொடக்கம் என்பது எமது கருத்து.

இக்கற்கைநெறியில் விரிவுரை இல்லை என்பதே அதன் முதன்மைச் சிறப்பு. கெலி எழுத்தாளர் இல்லம் என்ற கட்டடத்தில் ஒரு மேசையைச் சுற்றிப் பில்றைஸும் இளைஞர் சிலரும் அமர்ந்திருக்கின்றனர். ஒரு சிறு கவிதையை எடுத்து, சொல் சொல்லாகப் பேசுகின்றனர். ஒருவர் ஒரு பொருள் கூற, அடுத்தவர் மறுக்கிறார், மூன்றாமவர் தயங்குகிறார். ஆசிரியர் விடை கூறாது அடுத்த வினாவை எழுப்புகிறார். கவிதையின் பொருள் ஏற்கெனவே எவரிடமும் பத்திரமாயிருக்கும் பொருளன்று, பேசிப்பேசி உருவாவது என்பதை மாணவர் கண்ணாற் காண்கின்றனர். பார்ப்பவர் தம் கருத்தை இணையக் கலந்துரையாடலில் எழுதலாம். அவ்வில்லத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும் அமர்வுகளிலே தொலைபேசி வழியாகவும் பங்குபற்றலாம். மாணவர் எழுதும் சிறு கட்டுரைகளைச் சக மாணவரே மதிப்பிடுகின்றனர்.

எமது கல்விச் சூழலில் இம்முறையின் பெறுமதி யாது? உயர்தர வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை எம் மாணவரை ஆட்சிசெய்வது 'குறிப்பு'. கவிதையைப் படிக்குமுன் குறிப்பைப் படிப்பர். குறிப்பைப் படித்தபின் கவிதையைப் படிக்கவேண்டிய தேவை இராது. அணி யாது, சுவை யாது, மையக்கருத்து யாது என்பன எண்ணிடப்பட்டு வருகின்றன. பரீட்சை மண்டபத்தில் அவை எண்ணிடப்பட்டே திரும்பி வருகின்றன. தனியார் வகுப்புக்கள் இதனை ஒரு தொழிலாகவே வளர்த்துவிட்டன. பல்கலைக்கழக ஆசிரியராகிய நாமும் இதில் முற்றிலும் குற்றமற்றவரல்லேம். நாம் ஆண்டுதோறும் அதே தாள்களை விரித்துச் சொல்வதை எழுதிக்கொள்ளும் மாணவரை நாமே உருவாக்கினோம். இணையத்தை இந்தப் பழக்கத்தோடு அணுகின், அது குறிப்புக்களை விரைவாக விநியோகிக்கும் ஒரு களஞ்சியமாகவே முடியும். கறுப்புச் சதுரங்களுக்கு நாம் நிகழ்த்திய வகுப்புக்கள் தோல்வியுற்றமைக்குத் தொழில்நுட்பம் ஒரு காரணம். வகுப்பறையிலேயே மாணவர் வாய்திறந்து பழகாமை அதனினும் பெரிய காரணம். பென்சில்வேனியா முயற்சி எமக்கு உணர்த்துவது இதனையே.

4

ஆயின் இம்முயற்சியின் குறைபாடுகளையும் கூறாதுவிடுதல் திறனாய்வாகாது.

முதலாவது, மேசையைச் சுற்றியிருப்போர் பற்றியது. அவர்கள் செல்வ வளமிக்க தனியார் பல்கலைக்கழகமொன்றின் சூழலிலே பயின்றோர். ஆங்கிலத்திற் சரளமாகப் பேசுவோர். அவர்கள் பேசுவதைப் பல்லாயிரவர் பார்க்கின்றனர். கலந்துரையாடல் பகுதி இவ்வேற்றுமையை ஓரளவு குறைக்கிறதேனும், மேசையிலிருப்பவரும் பார்வையாளரும் என்ற பிரிவு நீங்கவில்லை. இத்தகைய திறந்த கற்கைநெறிகளிலே பதிவுசெய்வோரிற் பெரும்பாலோர் இறுதிவரை தொடர்வதில்லை என்பதும் பொதுவாக அறியப்பட்ட உண்மை. தொடங்குவோரின் எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியை அளத்தல் பொருந்தாது.

இரண்டாவது, உடைமை பற்றியது. கோர்செரா இலாபநோக்குடைய நிறுவனம். 2021 இல் நியூயோர்க் பங்குச்சந்தையிற் பட்டியலிடப்பட்டது. கற்கைநெறி இலவசமாயினும் அது நிற்கும் நிலம் வணிகருடையது. பொதுப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்கள் தம் ஆசிரியரின் உழைப்பை இத்தகைய நிலத்திலே நடுமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணவேண்டும்.

மூன்றாவது குறையே இலக்கிய நோக்கில் முதன்மையானது. அது நுண்வாசிப்புக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவைப் பற்றியது. பில்றைஸ் வரலாற்றை அறியாதவரல்லர். பனிப்போர்க் காலத்தில் பழைமைவாதிகள் நவீன கவிதைமீது தொடுத்த தாக்குதலைப் பற்றி 2008 இல் விரிவான நூலொன்றை எழுதியவர். அவருடைய பாடத்திட்டத்தில் 1930களின் பொதுவுடைமைக் கவிஞரும் ஹார்லெம் மறுமலர்ச்சிக் கவிஞரும் இடம்பெறுகின்றனர். அறிமுக நிலையிலேயே இவர்களை மாணவர் முன் வைத்தமை துணிவான செயல். எனினும் காணொளிகளின் இயல்பு, ஒரு கவிதை, சில நிமிடங்கள், சொல் சொல்லாக என்பதாக இருப்பதால், கவிதை பிறந்த சூழல் அடிக்கடி மேசைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அமெரிக்க மாணவர் அச்சூழலை ஓரளவு அறிந்திருக்கலாம். கண்டியிலோ வவுனியாவிலோ இருந்து பார்ப்பவர் அறியார்.

எடுத்துக்காட்டாக, அக்கற்கைநெறியிற் பயிலப்படும் குளோட் மக்கேயின் 'நாம் சாகவேண்டுமெனில்' என்ற கவிதையை நோக்குவோம். ஜமேக்காவிற் பிறந்த மக்கே புகையிரத உணவுப்பெட்டியில் பரிமாறுபவராக உழைத்த காலத்தில், 1919 இல் வெளிவந்தது அது. அவ்வாண்டில் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே கறுப்பின மக்கள்மீது வெள்ளையர் கும்பல்கள் கொலைவெறித் தாக்குதல்கள் நடத்தின. ஆயின் கவிதையிலே இனம் பற்றியோ இடம் பற்றியோ ஒரு சொல்லேனும் இல்லை. வடிவமோ ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகளாகப் பேணிய பதினான்கடி சொனற்.

இக்கவிதையை றிச்சர்ட்ஸின் முறைப்படி பெயரும் காலமும் நீக்கி எம் மாணவரிடம் கொடுப்பின், ஒடுக்கப்பட்ட எந்த மக்களின் குரலாகவும் அவர்கள் அதனை வாசிப்பர். அவ்வாசிப்பு தவறன்று; கவிதையே அதற்கு இடந்தருகிறது. பின்னர் 1919 ஐப் பற்றிக் கூறின், கவிதை மாறித் தோன்றும். இனத்தின் பெயரைக் கவிஞர் ஏன் கூறாது விட்டார்? தம் மக்களைத் தாழ்த்தியோரின் உயர்ந்த செய்யுள் வடிவத்தை ஏன் தம் எதிர்ப்புக்குத் தெரிந்தெடுத்தார்? இவ்வினாக்கள் வரலாற்றை அறிந்தபின்னரே எழுகின்றன. அவற்றுக்கான விடையோ செய்யுளின் சொல்லையும் அமைப்பையும் நுணுகி நோக்கினாலன்றிக் கிடையாது.

ஈழத்துத் தமிழ்த் திறனாய்விலே உருவமா உள்ளடக்கமா என்ற விவாதம் 1960களிலும் 1970களிலும் வலுவாக நடைபெற்றது. சமூகப் பின்னணியை வற்புறுத்தியோர் கவிதையின் சொல்லை மறந்தனர் என்று ஒரு சாராரும், சொல்லழகை வற்புறுத்தியோர் மக்களை மறந்தனர் என்று மறுசாராரும் குற்றஞ்சாட்டினர். முதல் வகுப்பிலே மக்கேயின் கவிதையை இவ்விரு கட்டமாகப் படிக்கும் மாணவர், இவ்விவாதத்தின் இருபுறத்தையும் தம் அனுபவத்திலேயே கண்டுகொள்வர். நுண்வாசிப்பு முற்போக்குத் திறனாய்வின் பகையன்று, அதன் முதற்படி. அப்படியிலேயே நின்றுவிடுவதுதான் குறை.

5

இனி எமது தேவைக்கு வருவோம். தமிழ்க் கவிதைக்கான அறிமுகக் கற்கைநெறியொன்றை இணையத்தில் தொடங்குவதற்கு வேண்டிய மூலப்பொருள் எம்மிடம் உண்டு. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எழுத்துருவிலே தந்திருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து வெளியீடுகளைப் பேணிவருகிறது. கிடைத்தற்கரியவாயிருந்த தொகுதிகள் இன்று திரையிலே விரிகின்றன. இல்லாதிருப்பது மேசையும் அதனைச் சுற்றிய பேச்சுமே.

அம்மேசையை அமைப்பதற்கு நான்கு கருத்துக்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, ஓசையிலிருந்து தொடங்கவேண்டும். சங்க வீரயுகப் பாடல்களின் வாய்மொழி இயல்பைப் பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியான தமது ஆங்கில ஆய்வு நூலிலே நிறுவ முயன்றார். அவ்வாய்வை ஏற்போரும் மறுப்போரும் அப்பாடல்களைக் கண்ணாற் படிப்பதோடு நின்றுவிடுகிறோம். இணையம் ஒலியைக் கொண்டுசெல்ல வல்லது. மகாகவியின் செய்யுளிலே பேச்சோசை யாப்போடு எவ்வாறு இயைகிறது என்பதை நூறு பக்க விளக்கத்திலும் ஒருமுறை உரக்கப் படித்தல் தெளிவாக உணர்த்தும். மலையகத் தோட்டப்பாடல் ஒன்றை அதனருகே வைப்பின், டிக்கின்சனையும் விற்மனையும் எதிர்நிறுத்தியது போன்ற பயன் எமக்கும் கிட்டும்.

இரண்டு, முதல் வாரத்திற் குறிப்புத் தருதல் கூடாது. கவிதையைப் பெயரின்றிக் கொடுத்து, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிய பின்னரே கலந்துரையாடல் தொடங்கவேண்டும். கவிஞர், காலம், சமூகச் சூழல் என்பன இரண்டாம் வாரத்துக்குரியன. அப்போது மாணவர் தம் முதல் வாசிப்பைத் தாமே திருத்தி எழுதுவர். அத்திருத்தமே பரீட்சையாகட்டும்.

மூன்று, தொகை சிறிதாயிருக்கவேண்டும். ஆயிரக்கணக்கானோரைச் சேர்ப்பது எமக்குத் தேவையற்றது. பதினைந்து பேருக்கு மேற்படாத குழுவில் ஒவ்வொருவரின் குரலும் வாரத்துக்கு ஒருமுறையேனும் கேட்கவேண்டும். பேசத் தயங்குவோர் தம் வாசிப்பைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து அனுப்பலாம்.

நான்காவது, வாயில் பற்றியது. புராணபடனத்தை மேலே பாராட்டினோம். ஆயின் அப்படனம் நிகழ்ந்த கோயில்கள் பலவற்றின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் வெளிவீதியில் நின்று கேட்டனர். 1968 இல் மாவிட்டபுரத்தில் உள்நுழையப் போராடவேண்டியிருந்தது. ஒரு பண்பாடு தன் கவிதையை யாருக்குப் படித்துக்காட்டுகிறது என்பது அக்கவிதையின் வரலாற்றிலே ஒரு பகுதி. கொள்ளைநோய்க் காலத்தில் மலைநாட்டுக் கிராமங்களிலே பிள்ளைகள் அலைவரிசை தேடிக் குன்றேறியும் மரமேறியும் பாடங்கேட்டனர். பல்கலைக்கழக இணையத்தளங்களுக்குக் கட்டணமற்ற அணுக்கம் வழங்கப்பட்டபோதும், கருவியற்றோருக்கு அதனால் என்ன பயன்? கதவைத் திறந்துவிட்டோம் என்று நாம் கூறும்போது வெளிவீதியில் நிற்பவர் யாரென்று நோக்கவேண்டும். பெரிய காணொளிகளைத் தவிர்த்துச் சிறிய ஒலிப்பதிவும் தெளிந்த எழுத்துருவும் தருதல், பிரதேச நூலகங்களிலே குழுவாகக் கேட்க வசதி செய்தல், அச்சுப்பிரதியைத் தபாலில் அனுப்புதல் என்பன நாகரிகக் குறைவான செயல்களல்ல. கவிதைக்குப் பெருந்தரவு வேண்டுவதில்லை. சில அடிகளும், அவற்றைப் படிக்கும் ஒரு குரலும், மறுத்துக்கூற மற்றொரு குரலும் போதும்.

யேல் எமக்கு நல்ல குரலொன்றைத் தந்தது. பென்சில்வேனியா மேசையொன்றைக் காட்டியது. அம்மேசையைச் சுற்றி எம் மாணவர் அமர்ந்து, தம் மொழியில், தம் மக்களின் கவிதையைப் பற்றி, ஆசிரியரை மறுத்துப் பேசும் நாளே இணையவழிக் கவிதை வகுப்பு எம்மிடையே தொடங்கிய நாளாகும். அதுவரை நாம் நடத்துபவை கறுப்புச் சதுரங்களுக்கு முன்னே நிகழும் படனங்களே.